மதுவும் சிறுநீரகமும்: நிறுத்தினால் எது மீளும், எது மீளாது?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மெத்தனால் நஞ்சு, டயாலிசிஸ் என்ற சொற்கள் அப்போது வீடுகளுக்குள் வந்தன. குழப்பமும் கூடவே வந்தது. கள்ளச்சாராயம்தான் கிட்னியைக் கெடுக்கும், கடையில் வாங்கும் மது கல்லீரலோடு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருடம் குடித்தவனுக்குக் கிட்னி எப்போதோ போயிருக்கும், இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நம்பிக்கையும் தவறு. இரண்டாவது நம்பிக்கை உயிரையே குடிக்கும்.

மது சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்குவதைவிடச் சுற்றுவழியில் தாக்குவதே அதிகம். உடலின் நீர், இரத்த அழுத்தம், கல்லீரல், தசை, வலி மாத்திரை ஆகியவையே அந்த வழிகள். பாதிப்பு எந்த வழியாக வந்தது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே குடியை நிறுத்தியபின் கிடைக்கும் பலன் அமையும். அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு லிட்டருக்கும் மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு நுண்ணிய வடிகட்டியும் அதைத் தொடர்ந்து வரும் குழலும் சேர்ந்த அமைப்பு. ஒரு நாளில் இவை வடிகட்டும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி அனைத்தையும் குழல்கள் திரும்ப உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. எவ்வளவு சோடியத்தை வைத்துக்கொள்வது, எவ்வளவு பொட்டாசியத்தை வெளியேற்றுவது, அமிலத்தை எப்படிச் சமன்செய்வது என்ற கணக்கெல்லாம் அந்தக் குழல்களில்தான் நடக்கிறது.

இதில் மனத்தில் வைக்கவேண்டியவை இரண்டு. சிறுநீரகம் இரத்த ஓட்டத்தை நம்பி வாழும் உறுப்பு, அழுத்தம் குறைந்தாலும் கூடினாலும் அடி அதற்குத்தான். இன்னொன்று, செத்த நெஃப்ரானுக்குப் பதிலாகப் புதிய நெஃப்ரான் முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் பாதித் திறனை இழந்தவர்கூட வலி இல்லாமல், வீக்கம் இல்லாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பார்.

ஒரு குவாட்டர் என்றால் எவ்வளவு?

மருத்துவக் கட்டுரைகள் 'ஒரு அளவு' மது என்று எழுதுவது பெரும்பாலும் 10 கிராம் தூய ஆல்கஹாலை. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மி.லி. குவாட்டரில் 77 மி.லி. ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஒரு குவாட்டர் என்பது ஆறு அளவு. 650 மி.லி. பீர் பாட்டிலில் 5 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் இரண்டரை அளவு, 8 சதவீதம் என்றால் நான்கு அளவு.

'மிதமாகக் குடித்தால் பரவாயில்லையாம்' என்று யாராவது சொல்லும்போது இந்தக் கணக்கை எடுத்து வைக்கவேண்டும். அப்படிச் சொல்லும் வெளிநாட்டு ஆய்வுகள் பேசுவது நாளுக்கு ஓர் அளவோ இரண்டோ குடிப்பவர்களைப் பற்றி. மாலையில் ஒரு குவாட்டரைத் தண்ணீர் கலந்து அரை மணியில் முடிப்பவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அந்த ஆய்வுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 'குடிக்காதவர்' வரிசையில், நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கம் நோய் அதிகம் தெரியும், மிதமாகக் குடிப்பவர் நலமாக இருப்பதுபோல் தோன்றும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

பாதிப்பு வரும் வழிகள்

1. நீரிழப்பு, வெயில், வலி மாத்திரை

சேலத்துக்கு மிகவும் பொருந்தும் வழி இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி 'வாசோபிரசின்' என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நீரைச் சிறுநீரில் விட்டுவிடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள் என்று குழல்களுக்கு ஆணையிடுவது அதுதான். ஆல்கஹால் இரத்தத்தில் ஏறும்போது இந்தச் சுரப்பு அடங்கிவிடுகிறது. அதனால் குடிப்பவர் அடிக்கடி எழுந்து போகிறார். ஒரு குவாட்டர், குடித்த திரவத்துக்கு மேலாக இன்னும் அரை லிட்டருக்குக் குறையாமல் வெளியேற்றக்கூடும். சிறுநீர் தாராளமாகப் போவதைப் பார்த்து 'கிட்னி நன்றாக வேலை செய்கிறது' என்று நினைப்பவர்கள் பலர். உடல் தன் நீரை இழந்துகொண்டிருக்கிறது என்பதே உண்மை.

மே மாதத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளியை எண்ணிப்பாருங்கள். இளம்பிள்ளைப் பக்கத்தில், அல்லது அம்மாப்பேட்டையில், தகரக் கூரைக்குக் கீழே தறி ஓடுகிறது. வெளியே 39 டிகிரி. உள்ளே காற்று அசையாது. மின்விசிறியைக் கூட்டினால் நூல் பறக்கும். பாவு அறுந்தால் தறியை நிறுத்தி முடி போடவேண்டும், கூலி குறையும். அதனால் தண்ணீர் குடிக்க எழுவதையும் தள்ளிப்போடுகிறார். மாலையில் இடுப்பு வலிக்கிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதன் மேல் ஒரு குவாட்டர். சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இரவில் வாந்தி. காலையில் தலைவலி, மறுபடியும் ஒரு வலி மாத்திரை.

இப்போது அவர் சிறுநீரகத்தில் நடப்பது இது. உடலில் நீர் குறைந்ததும் அங்கே போகும் இரத்தம் குறைகிறது. வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு குழாயை விரித்து வைத்து நிலைமையைச் சமாளிக்கச் சிறுநீரகம் 'புரோஸ்டாகிளாண்டின்' என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதே புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். ஆபத்து வேளையில் சிறுநீரகம் பிடித்திருந்த ஒரே பிடியையும் மாத்திரை விடுவித்துவிடுகிறது. அவர் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளோ, நீர் பிரிய மாத்திரையோ சாப்பிடுபவராக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். இப்படி ஒன்றிரண்டு நாட்களில் சிறுநீரகம் திடீரென்று திறன் இழப்பதைத்தான் 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு' என்கிறார்கள்.

ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, செங்கல் சூளை, கட்டட வேலை என்று வெக்கையில் உழைக்கும் எவருக்கும் இது பொருந்தும். மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாமலே நாட்பட்ட சிறுநீரக நோய் பெருகியிருக்கிறது. மீண்டும் மீண்டும் வெயிலில் வற்றிப்போவது அதற்கு முக்கியக் காரணம் என்று மருத்துவ உலகம் கருதுகிறது. வெயில் மட்டுமே அவ்வளவு செய்யும் என்றால், அதோடு குடியும் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கவலைப்படாமல் இருக்க முடியாது.

ஏற்காட்டின் குளிரிலும் தப்பில்லை. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று குடிப்பது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூடு போலத் தோன்றச் செய்கிறது. உண்மையில் உடல் வெப்பத்தை வெளியே விடுகிறது. குளிர் தன் பங்குக்குச் சிறுநீரைக் கூட்டும். தாகமும் தெரியாது. வார இறுதியில் மலைக்கு வந்து இரண்டு இரவு தொடர்ந்து குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்குபவர் சேலம் அடிவாரத்தை அடையும்போது நன்றாகவே வற்றிப்போயிருப்பார்.

2. இரத்த அழுத்தம்

நாள்தோறும் அதிகம் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் வடிகட்டிகளின் மெல்லிய குழாய்களை வருடக்கணக்கில் தடிக்க வைத்துத் தழும்பாக்குகிறது. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் இரண்டுமே முதன்மைக் காரணங்கள். குடி அவற்றில் ஒன்றை நேரடியாகக் கிளப்புகிறது, மற்றொன்றைக் கட்டுக்குள் வைக்க விடாமல் செய்கிறது. குடிக்கும் நாளில் மாத்திரையைத் தவிர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். 'மருந்தும் மதுவும் சேரக்கூடாது' என்று பயந்து மருந்தை விட்டுவிடுவார்கள், மதுவை விடமாட்டார்கள்.

3. கல்லீரல் வழி

கல்லீரல் சுருங்கிக் கடினமாகி, வயிற்றில் நீர் கோத்த நிலையில் உள்ள ஒருவருக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே போகும். ஸ்கேனில் சிறுநீரகம் எந்தக் குறையும் இல்லாமல் தெரியும். பிறகு ஏன் வேலை செய்யவில்லை? கல்லீரல் நோயில் வயிற்றுப் பகுதியின் இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்து, இரத்தம் அங்கேயே தேங்குகிறது. உடலில் இரத்தம் குறைந்துவிட்டது என்று எண்ணிச் சிறுநீரகம் தன் குழாய்களை இறுக மூடிக்கொள்கிறது. 'ஹெப்பட்டோரீனல்' நிலை என்று இதற்குப் பெயர். சிறுநீரகத்தில் கோளாறு இல்லாமலே அது செயலிழக்கும் விந்தையான நோய் இது. கல்லீரல் மாற்று அறுவை வெற்றி பெற்றால் அதே சிறுநீரகம் மறுபடியும் இயங்கத் தொடங்குவது உண்டு. ஆனால் அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

4. தசை

அளவு மீறிக் குடித்து மயங்கியவர் கையையோ காலையோ உடலுக்கு அடியில் நசுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் அந்தத் தசை சிதைகிறது. அதிலிருந்து வரும் 'மயோகுளோபின்' என்ற புரதம் சிறுநீரகக் குழல்களை அடைக்கிறது. சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போகும். போதையில் கிடப்பவரை 'தெளிந்ததும் எழுந்துவிடுவார்' என்று இரவு முழுக்க அப்படியே விட்டுவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். மூச்சு சீராக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எழுப்பியும் எழவில்லை என்றால் 108.

கணைய அழற்சி வழியாகவும், வடிகட்டிகளில் ஒருவகை எதிர்ப்புரதம் படிவதாலும்கூடச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது உண்டு. அவை மருத்துவர் கண்டுபிடிக்கவேண்டியவை.

கள்ளச்சாராயத்துக்கு ஏன் டயாலிசிஸ்?

கடையில் விற்கும் மதுவில் இருப்பது எத்தனால். கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். மெத்தனாலைக் கல்லீரல் சிதைக்கும்போது ஃபார்மிக் அமிலம் உருவாகிறது. அது கண் நரம்பைக் கெடுக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்கிறது. அமிலம் உருவாகப் பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் இரவு நலமாகத் தூங்கி மறுநாள் கண் மங்கி எழுவார்.

இங்கே டயாலிசிஸ் செய்வதற்கு முதல் காரணம் மெத்தனாலையும் அமிலத்தையும் இரத்தத்திலிருந்து வேகமாக வெளியே எடுப்பது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் அது தேவைப்படும். அதனால், 'டயாலிசிஸ் செய்தார்கள், எனவே கிட்னி போய்விட்டது' என்ற முடிவு சரியல்ல. அந்த ஆபத்து வேளையைக் கடந்து பிழைத்தவர் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்பதும் இல்லை. கல்வராயன் மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்துக்குள் இருக்கிறது, அங்கே சாராயம் காய்ச்சுவதும் பழைய கதைதான். ஆகவே இதைத் தெரிந்துவைத்திருப்பது நமக்கு அவசியம்: சாராயம் குடித்தபின் கண் மங்கினாலோ, வயிறு வலித்து மூச்சு வாங்கினாலோ காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பு. போலீஸுக்குப் பயந்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

பீர் குடித்தால் கல் கரையுமா?

கரையாது. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் கற்கள். அவற்றை எந்தப் பானமும் கரைப்பதில்லை. அதிகம் சிறுநீர் போனால் சிறு கல் நகர்ந்து வெளியேறலாம், அதைத் தண்ணீரே செய்யும். பீர் முதலில் சிறுநீரைக் கூட்டிவிட்டுப் பிறகு உடலை வற்றச் செய்கிறது. யூரிக் அமிலத்தையும் கூட்டுகிறது, அதுவே ஒருவகைக் கல்லுக்கு மூலப்பொருள். பீர் குடிப்பவர்களிடம் கல் குறைவாகக் காணப்பட்டதாகச் சில பெரிய ஆய்வுகள் உண்டு. அவை பழக்கத்தையும் நோயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவை, பீரை மருந்தாகக் கொடுத்துச் சோதித்தவை அல்ல. கல் அடைத்து நிற்கும் சிறுநீரகத்தில் வலியோடு இருப்பவர் இரண்டு பாட்டில் பீர் குடித்தால் அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடும், வலியும் கூடும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

குடியை விட்டவரோ, விட நினைப்பவரோ பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு தாளோடு வருகிறார். அதில் பார்க்கவேண்டியவை மூன்று.

1. கிரியாட்டினின். ஊர்ப்பக்கம் 'உப்பு ஏறியிருக்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் இதையே. தசையில் உருவாகிச் சிறுநீரகம் வழியாக வெளியேறும் கழிவு இது. பொதுவாக 0.6 முதல் 1.2 மி.கி. வரை இயல்பு.

2. இ.ஜி.எஃப்.ஆர். கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் திறன். 90-க்கு மேல் என்றால் நல்லது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பற்றிய பேச்சு வரும்.

3. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். வடிகட்டி ஓட்டையாகத் தொடங்கியதை முதலில் காட்டுவது பெரும்பாலும் இதுதான். அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 30-க்குள் இருக்கவேண்டும். சிறுநீர் நுரைத்து, நுரை நேரம் கழித்தும் அடங்காமல் இருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடைபவர்கள் பலர் என்பதால் ஒரு கணக்கு. 45 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 95. அது 1.4 ஆனால் திறன் 63. 2.0 ஆனால் 41. '1.4 தானே, கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்று சொல்லும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது.

குடிப்பவர்களிடம் இன்னொரு மயக்கமும் உண்டு. நெடுநாள் குடித்து, சரியாகச் சாப்பிடாமல் தசை கரைந்தவருக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. கல்லீரல் கெட்டவருக்கு யூரியாவும் குறைவாகவே தெரியும். இரண்டும் இயல்பு என்று தாள் சொல்லும், சிறுநீரகம் பாதித் திறனில் இருக்கும். மெலிந்துபோனவர் சிறுநீர் அல்புமினையும், மருத்துவர் சொன்னால் 'சிஸ்டாட்டின் சி' என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நிறுத்திய பின் நடப்பது

குடியைப் பற்றிய விவாதம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கூலி, குடும்பம், ஒழுக்கம், வருவாய் என்று எத்தனையோ கோணத்தில் பேசியாயிற்று. நிறுத்தியவரின் உடலுக்குள் எந்த நாளில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. அதை அறியாததால் முதல் வாரத்திலேயே பலர் தோற்கிறார்கள், சிலர் இறக்கிறார்கள்.

முதல் நான்கு நாட்கள். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாள் முதல் நான்காவது நாள் வரை, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், படபடப்பு என்று உயிருக்கு ஆபத்தான நிலை சிலருக்கு உருவாகும். வியர்வை, வாந்தி, வலிப்பு மூன்றும் சிறுநீரகத்தைத் தாக்கும் வழிகளே. எனவே காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவரும், முன்பு வலிப்பு வந்தவரும் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில் சில நாள் மருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, நீர்ச்சத்து ஆகியவற்றோடு நிறுத்தவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநல மருத்துவப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 104, 14446, 14416 ஆகிய இலவச எண்களில் வழி கேட்கலாம்.

முதல் வாரம். வாசோபிரசின் இயல்புக்கு வருகிறது. நீரிழப்பாலும் வலி மாத்திரையாலும் மட்டும் ஏறியிருந்த கிரியாட்டினின், உரிய சிகிச்சையோடு நாட்களில் இறங்கிவிடும். இரத்த அழுத்தம் இந்த வாரத்தில் ஏறவும் செய்யும். 'குடியை விட்டதும் பி.பி. வந்துவிட்டது' என்று பயந்து மறுபடியும் தொடங்கியவர்கள் உண்டு. அது உடல் பழக்கத்திலிருந்து விடுபடும் கட்டம், மருத்துவர் பார்வையில் கடந்துபோகும்.

நான்கு வாரம் வரை. நெடுநாள் குடிப்பவரின் சிறுநீரகக் குழல்கள் மெக்னீசியம், பாஸ்பேட், கால்சியம் போன்றவற்றைத் தக்கவைக்க முடியாமல் சிறுநீரில் விடுகின்றன. தசைச் சோர்வு, படபடப்பு, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றுக்கு அதுவும் ஒரு காரணம். முழுவதுமாக நிறுத்தியவர்களிடம் இந்தக் குழல் கோளாறுகள் நான்கு வாரத்தில் பெரும்பாலும் சரியாவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் நம்பிக்கை தரும் தகவல் இதுதான். வருடக்கணக்கில் கெட்டது ஒரு மாதத்தில் திரும்புகிறது.

இரத்த அழுத்தமும் இந்த வாரங்களில் இறங்கும். நாளுக்கு ஆறு அளவுக்கு மேல் குடித்தவர்கள் அதைப் பாதியாகக் குறைத்தாலே மேல் அளவு சராசரியாக 5 புள்ளிகள் இறங்குகிறது. மாத்திரையின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டி வரலாம், நாமாகக் குறைப்பது கூடாது. குடியை விட்டவர் இனிப்பையும் டீயையும் தேடுவது வழக்கம். நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய காலம் இது.

மீளாதது. தழும்பான வடிகட்டிகள் மீளாது. இ.ஜி.எஃப்.ஆர். 41-ல் வந்து நிற்பவருக்கு அது 95-க்குத் திரும்பாது. ஆனால் சரிவின் வேகத்தைக் குறைக்க முடியும். வருடத்துக்கு ஐந்து புள்ளி சரிந்துகொண்டிருந்தது ஒரு புள்ளியாகக் குறைந்தால், டயாலிசிஸ் வரையிலான தூரம் ஐந்து வருடத்திலிருந்து 26 வருடமாகிறது. குடியை மட்டும் விட்டால் எல்லோருக்கும் இவ்வளவு பலன் என்று உறுதி கூற முடியாது. அழுத்தத்தையும் சர்க்கரையையும் சேர்த்துக் கட்டுப்படுத்துபவருக்கு இது எட்டாத கணக்கு அல்ல.

குடியை நிறுத்தும் மருந்தும் சிறுநீரகமும்

குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் சில சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. அகாம்ப்ரோசேட் அப்படிப்பட்டது. சிறுநீரகத் திறன் குறைந்தவருக்கு அளவைப் பாதியாக்கவேண்டும், 30-க்குக் கீழே போனவருக்குக் கொடுக்கவே கூடாது. பேக்லோஃபென் இன்னும் கவனம் கேட்பது. சிறுநீரகம் கெட்டவரின் உடலில் அது தேங்கி, நினைவு தடுமாறி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். எனவே மனநல மருத்துவரிடம் போகும்போது சிறுநீரக ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடலாம் என்று சொல்லி விற்கும் பொடிகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை இழந்த மனைவியரும் தாய்மாரும் அதை வாங்குவதன் வேதனை புரிகிறது. அவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சாப்பிட்டது தெரியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதயமும் சிறுநீரகமும் ஒரே இரவில் பாதிக்கப்படலாம். என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத லேகியங்களில் ஈயம், பாதரசம் இருந்தால் அவை நேரடியாகச் சிறுநீரகக் குழல்களைக் கெடுக்கும்.

ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு

டயாலிசிஸில் இருப்பவர், சிறுநீர் அநேகமாக நின்றுபோனவர் என்றால், ஒரு நாளில் சேர்க்கக்கூடிய திரவம் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரைதான். ரசமும் மோரும் காபியும் அதில் அடக்கம். ஒரு பீர் பாட்டில் மட்டுமே 650 மி.லி. மீறிய திரவம் நுரையீரலில் கோத்து நள்ளிரவில் மூச்சுத் திணறலாக வரும். குடித்தபின் தெளிய இளநீர் குடிக்கும் பழக்கம் இவருக்கு இன்னும் ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் அதிகம், வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை, இதயத் துடிப்பு தடுமாறும்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் சிறுநீரகத் திறன் குறைந்த நிலையில் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம். சர்க்கரையை இறக்கும் வேறு சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழும். அதைப் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள்.

நிறுத்தியவர் கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், இரத்த அழுத்தம் மூன்றையும் தொடக்கத்திலும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் பார்க்கலாம். இயன்றவரை ஒரே பரிசோதனை நிலையத்தில், முந்தின இரண்டு நாள் வலி மாத்திரை சாப்பிடாமல், போதுமான தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும். மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழோ, அல்புமின் விகிதம் 30-க்கு மேலோ நின்றால் சிறுநீரக மருத்துவரிடம் போகவேண்டும். போகும்போது குடித்த காலத்தில் எடுத்த பழைய தாள்களையும் எடுத்துப் போங்கள். சரிவின் வேகத்தை அவர் கணக்கிடுவது அவற்றை வைத்துத்தான்.